ஜிபே இல்லாத கடையே இல்லை, அப்புறம் ஏன் நோட்டு மட்டும் கூடிக்கொண்டே போகிறது?

#1 பவானிக்கரை

ஒரு வாரமாக மண்டையைக் குடைகிற கேள்வி. பொருளாதாரம் படித்தவர்கள், வங்கியில் இருந்தவர்கள், தொழில் நடத்துகிறவர்கள் எல்லாரும் இங்கே இருப்பதால் கேட்கிறேன்.

எங்கள் ஊரில் இளநீர்க் கடை, டீக்கடை, பூக்காரம்மா என்று எல்லாரிடமும் ஸ்கேனர் இருக்கிறது. நான் கடைசியாக ஏடிஎம் போனது எப்போது என்று யோசித்துத்தான் சொல்ல வேண்டும். 2025 ஆகஸ்டில் ஒரே மாதத்தில் யுபிஐ பரிவர்த்தனைகளின் எண்ணிக்கை 2000 கோடியைத் தாண்டிவிட்டது. ஆனால் ரிசர்வ் வங்கி ஆண்டறிக்கையைப் புரட்டினால், 2025 மார்ச் கடைசியில் புழக்கத்தில் இருந்த நோட்டின் மதிப்பு 37 லட்சம் கோடியை நெருங்குகிறது. 2016 நவம்பரில் 500, 1000 செல்லாது என்று அறிவித்தார்களே, அதற்கு முன்னால் இருந்தது சுமார் 18 லட்சம் கோடி. அப்படியானால் இரண்டு மடங்கு ஆகியிருக்கிறது.

145 கோடி பேருக்கு வகுத்துப் பார்த்தேன். ஆளுக்கு 25,000 ரூபாய்க்குக் கொஞ்சம் மேலே வருகிறது, நாலு பேர் இருக்கிற வீட்டுக்கு ஒரு லட்சம். எங்கள் வீட்டிலும் நாலு பேர்தான். இன்று காலையில் எண்ணினேன்: என் பர்ஸில் 340, மனைவியிடம் 1,100, பையனிடம் ஒன்றும் இல்லை. அம்மாவிடம் கேட்கவில்லை, கேட்டாலும் சொல்ல மாட்டார். மீதியெல்லாம் யாரிடம் இருக்கிறது?

#2 நேர்ப்பேச்சு

இதில் யோசிக்க என்ன இருக்கிறது? கணக்கில் காட்டாத பணம். இடம் வாங்கும்போது அரசு குறித்த வழிகாட்டி மதிப்புக்கு மட்டும் வங்கி வழியாகக் கொடுத்துவிட்டு மீதியைப் பையில் கொண்டுபோய்க் கொடுப்பது எந்த ஊரில் நடக்கவில்லை? தேர்தல் வந்தால் வீட்டுக்கு வீடு வருவதும் நோட்டாகத்தானே வருகிறது? ரகுராம் ராஜன் ரிசர்வ் வங்கி ஆளுநராக இருந்தபோதே, 2016 ஏப்ரலில், தேர்தல் சமயத்தில் மக்கள் கையில் ரொக்கம் கூடுகிறது என்று சொன்னார். 2000 ரூபாய் நோட்டை எடுத்த மாதிரி 500 ரூபாய் நோட்டையும் எடுத்துவிட்டால் இந்தக் கேள்விக்கே இடம் இருக்காது என்பதுதான் என் கருத்து.

#3 பழைய_கேஷியர்

நேர்ப்பேச்சு தம்பி, "எடுத்துவிட்டால்" என்று ஒரே வார்த்தையில் சொல்லிவிட்டீர்கள். 34 வருடம் கவுண்டரில் உட்கார்ந்தவன் நான். 2016 நவம்பர் 10 காலையில் வங்கியைத் திறந்தபோது கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நான்தான் இருந்தேன், அதனால் கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன்.

அன்றைக்கு வந்த நோட்டில் பாதிக்கு அந்துருண்டை வாசனை. பீரோவில் பட்டுப்புடவைக்கு நடுவில் வருடக்கணக்காகக் கிடந்த பணம் என்று மோந்தாலே தெரியும். எட்டாக மடித்த ஆயிரம் ரூபாய் நோட்டுகளை ஒரு அம்மா ஒவ்வொன்றாகப் பிரித்து, மேசை விளிம்பில் வைத்துத் தேய்த்துத் தேய்த்துக் கொடுத்தார். மொத்தம் 11 நோட்டு. பின்னால் நின்றவர்கள் சத்தம் போட ஆரம்பித்தார்கள். "என் வீட்டுக்காரருக்குத் தெரியாதுங்க, பாஸ்புக்கில் ஏறினால் தெரிந்துவிடும், மாற்றி மட்டும் கொடுங்க" என்றார். அப்போது ஒரு ஆளுக்கு 4,000 வரைதான் கையில் மாற்றித் தர அனுமதி, மீதியைக் கணக்கில்தான் போட வேண்டும். அந்த அம்மாவின் முகம் இன்னும் மறக்கவில்லை. அவர் வைத்திருந்த 11,000 ரூபாயைக் கறுப்புப் பணம் என்று சொல்ல எனக்கு நா எழாது.

கணக்கும் சொல்கிறேன். செல்லாது என்று அறிவித்த நோட்டின் மதிப்பு 15.41 லட்சம் கோடி, திரும்பி வந்தது 15.31 லட்சம் கோடி, அதாவது 99.3 சதவீதம். ரிசர்வ் வங்கி 2018இல் தானே வெளியிட்ட கணக்கு. நான் வரி ஏய்ப்பு இல்லை என்று சொல்ல வரவில்லை. அதில் பெரும்பகுதி நிலமாகவும் நகையாகவும் உட்கார்ந்திருந்தது, நோட்டாக இருந்தது யார் யார் பெயரிலோ உள்ளே வந்துவிட்டது.

பவானிக்கரை கேள்விக்கு என் கைப்பழக்கத்திலிருந்து ஒரு பதில். பத்து, இருபது, நூறு ரூபாய்க் கட்டை எண்ணினால் விரல் கறுத்துப்போகும். வியர்வை, எண்ணெய், மீன் வாசனை, பேனாக் கிறுக்கல் எல்லாம் இருக்கும். ஐநூறு ரூபாய்க் கட்டில் நிறைய நோட்டு மொடமொடவென்று, ஒரே ஒரு மடிப்போடு வரும். சந்தையில் சுற்றுகிற நோட்டும் வீட்டில் தூங்குகிற நோட்டும் ஒரே மாதிரி கிழடாவதில்லை. 2024 மார்ச் கணக்குப்படி நோட்டின் மொத்த மதிப்பில் 86 சதவீதத்துக்கு மேல் 500 ரூபாய்த் தாள்தான். உங்கள் 37 லட்சம் கோடியில் பெரும்பகுதி எங்கே இருக்கும் என்று இதை வைத்தே ஊகிக்கலாம்.

#4 பொருளியல்_நிலா

கேஷியர் சார், நீங்கள் விரலால் சொன்னதை ஆய்வாளர்கள் ஒரு அளவீட்டு முறையாகவே வைத்திருக்கிறார்கள். எந்த மதிப்புள்ள நோட்டு எத்தனை நாளுக்கு ஒருமுறை வங்கிக்குத் திரும்புகிறது, எவ்வளவு அழுக்காகத் திரும்புகிறது என்பதை வைத்து, செலவாகிற நோட்டு எவ்வளவு, வைத்துக்கொள்கிற நோட்டு எவ்வளவு என்று பிரிப்பார்கள். ரொக்கத் தேவை பற்றித்தான் முனைவர் பட்ட ஆய்வு பண்ணுகிறேன், அதனால் இந்த இழையைப் பார்த்ததும் விட மனசில்லை.

முதலில் அந்த "இரண்டு மடங்கு" பற்றி. 2015-16இல் நாட்டின் மொத்த உள்நாட்டு உற்பத்தி (ஜிடிபி) சுமார் 138 லட்சம் கோடி, 2024-25இல் சுமார் 330 லட்சம் கோடி. விலையும் ஏறியிருக்கிறது, வியாபாரமும் பெருத்திருக்கிறது. உற்பத்தியோடு ஒப்பிட்டால் ரொக்கம் 2016இல் 12 சதவீதம், நோட்டு நீக்கத்துக்குப் பிறகு 2017 மார்ச்சில் 8.7, கொரோனா வருடத்தில் 14க்கு மேல், இப்போது 11 சுற்றில். ஆகவே ரொக்கம் ஊதிப்போய்விட்டது என்று சொல்ல முடியாது. ஆனால் இவ்வளவு யுபிஐ வந்தும் ஏன் பெரிதாகக் குறையவில்லை என்ற கேள்வி அப்படியே இருக்கிறது, அதுதான் சரியான கேள்வி.

பழைய பாடப்புத்தகக் கோட்பாடு ஒன்று உண்டு. 1952இல் பாமோல், 1956இல் டோபின் என்ற பொருளியலாளர்கள் எழுதியது. தண்ணீர்க் குழாய் தூரத்தில் இருந்தால் பெரிய குடமாக எடுத்துக்கொண்டு போவோம், வாசலிலேயே இருந்தால் செம்பு போதும் அல்லவா? அதே மாதிரி, வங்கிக்குப் போய்வர அலைச்சல் அதிகம் என்றால் ஒரே தடவையில் நிறைய எடுத்து வைத்துக்கொள்வோம். ஏடிஎம் பக்கத்தில் வந்தால், ஜிபே வந்தால், கையிருப்பு குறைய வேண்டும். பவானிக்கரை, உங்கள் பர்ஸில் 340 ரூபாய் இருப்பதை இந்தக் கோட்பாடு அச்சாகச் சொல்லிவிடும். உங்கள் அம்மாவிடம் இருப்பதைச் சொல்லாது, ஏனென்றால் அது செலவுக்கு எடுத்த பணமே இல்லை.

இது இந்தியாவில் மட்டும் இருக்கிற புதிரும் இல்லை. இங்கிலாந்து மத்திய வங்கியில் ஆண்ட்ரூ பெய்லி 2009இலேயே இதைப் பற்றிப் பேசியிருக்கிறார்: கடையில் ரொக்கம் குறைகிறது, வெளியில் இருக்கும் நோட்டோ கூடுகிறது. ஐரோப்பிய மத்திய வங்கி ஆய்வு ஒன்று, 2019இல் வெளியில் இருந்த யூரோ நோட்டின் மதிப்பில் யூரோ நாடுகளுக்குள் வாங்க விற்கப் பயன்பட்டது ஐந்தில் ஒரு பங்குதான் என்று கணக்கிட்டது. மற்றதெல்லாம் வெளிநாட்டில், அல்லது வீட்டு அலமாரியில்.

இதைக் கண்டுபிடிக்கிற இன்னொரு வழி எனக்கு ரொம்பப் பிடிக்கும். நம் ஊரில் தீபாவளிக்கு முன்னால் நோட்டு வெளியே போகும், அப்புறம் கடைக்காரர் வழியாகத் திரும்ப வங்கிக்கு வரும். செலவுப் பணம் இப்படித் திருவிழாவோடு ஏறி இறங்கும், பூட்டி வைத்த பணம் அசையாது. அமெரிக்க மத்திய வங்கி ஆய்வாளர்கள் 1990களில் கிறிஸ்துமஸ் சமயத்து ஏற்ற இறக்கத்தைக் கனடாவோடு ஒப்பிட்டார்கள். கனடா டாலர் டிசம்பரில் நன்றாக ஏறி ஜனவரியில் இறங்கியது. அமெரிக்க டாலர் அந்த அளவுக்கு அசையவில்லை. அதை வைத்தே டாலர் நோட்டில் பாதிக்கு மேல் வெளிநாட்டில் இருக்கிறது என்று மதிப்பிட்டார்கள்.

நமக்கு வெளிநாட்டில் ரூபாய் வைத்திருப்பவர்கள் அந்த அளவுக்கு இல்லை. ஆகவே வீடுதான். 2020-21ஐப் பாருங்கள், கடைகள் மாதக்கணக்கில் மூடிக் கிடந்தன, செலவு பண்ண வழியே இல்லை, அந்த வருடம்தான் நோட்டின் மதிப்பு 16 சதவீதத்துக்கு மேல் ஏறியது. நாளைக்கு ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டி வந்தால் என்ன செய்வது என்று எடுத்து வைத்த பணம் அது.

#5 பனியன்_ஊர்

திருப்பூரில் பெரிய கம்பெனிகளுக்குத் தைத்துக் கொடுக்கும் ஜாப் ஒர்க் யூனிட் வைத்திருக்கிறேன், ஓவர்லாக், பேட்லாக், சிங்கர் எல்லாம் சேர்த்து 20க்கும் மேல் மெஷின். நிலா அம்மணி சொல்வது புரிகிறது, ஆனால் எல்லாத்தையும் பீரோவுக்குள் தள்ளிவிடாதீர்கள். வாரா வாரம் சனிக்கிழமை சாயங்காலம் எங்கள் ஊரில் எவ்வளவு ரொக்கம் கை மாறுகிறது என்று வந்து பாருங்கள்.

2016இல் நடந்ததை முதலில் சொல்கிறேன். அப்போது எனக்கு 22 பேர், வாரச் சம்பளம் 65,000க்குக் குறையாது. நடப்புக் கணக்கில் வாரத்துக்கு 50,000தான் எடுக்கலாம் என்றார்கள். அதையும் வங்கியில் பணம் இருந்தால்தானே தருவார்கள்? மூன்று சனிக்கிழமை பாதிச் சம்பளம் கொடுத்தேன். மளிகைக் கடைக்காரரிடம் நானே போய், என் ஆட்களுக்குக் கடன் கொடுங்கள், நான் பொறுப்பு என்று சொல்லிக் கணக்கு நோட்டுப் புத்தகம் போட்டு வைத்தேன். ஒடிசாப் பையன்கள் நாலு பேர் ஊருக்குப் போனவர்கள் திரும்பவே இல்லை. ஆர்டர் இருந்தது, நூல் இருந்தது, கரண்ட் இருந்தது, தைக்க ஆள் இல்லை.

அதற்கப்புறம் எல்லாருக்கும் அக்கவுண்டில் போட்டுவிடலாம் என்று நானே முடிவெடுத்தேன். எனக்கும் நிம்மதி, கணக்கும் சுத்தம். ஒரு வருடம் நடந்தது. அப்புறம் ஒவ்வொருவராக வந்து "அண்ணா, எனக்குக் கையிலேயே கொடுத்துருங்க" என்று கேட்க ஆரம்பித்தார்கள். ஏன் என்று கேட்டால் முதலில் சொல்லவில்லை. கைமடிக்கும் அக்கா ஒருத்தர் ஒருநாள் போனை நீட்டிக் காட்டினார். சனிக்கிழமை ஆறு மணிக்கு நான் 3,400 போட்டிருக்கிறேன், ஆறு மணி இரண்டு நிமிடத்துக்கு 1,850 கடன் தவணை என்று போய்விட்டது, அதற்கு முந்தின வாரம் தவணைக்குப் பணம் இல்லாததற்கு அபராதம் 590 தனியாக. மிச்சம் 960. வாடகை, அரிசி, பையனுக்கு ஸ்கூல் வேன். "தவணை கட்ட மாட்டேன்னு சொல்லலண்ணா, இந்த வாரம் அரிசி, அடுத்த வாரம் தவணைன்னு நான் முடிவு பண்ணணும்ல" என்றார்.

அந்த ஒரு வார்த்தைக்கு என்னிடம் பதில் இல்லை. கையில் நோட்டு இருந்தால் எதை முதலில் கொடுப்பது என்பது அவர் இஷ்டம், அக்கவுண்டில் விழுந்தால் கடன்காரன் இஷ்டம். இப்போது என்னிடம் பாதிப் பேருக்கு அக்கவுண்ட், பாதிப் பேருக்குக் கவர். பிஎஃப், இஎஸ்ஐ கணக்கில் எல்லார் பெயரும் இருக்கிறது, ஒளித்து மறைக்க ஒன்றுமில்லை. இதெல்லாம் உங்கள் ஆராய்ச்சியில் வருகிறதா அம்மணி?

#6 பொருளியல்_நிலா

அண்ணா, உங்கள் பதிவை மூன்று தடவை படித்தேன். கடன் தவணை தானாகப் பிடிபடுவதால் சம்பளத்தை ரொக்கமாகக் கேட்பது என்பதை நான் இதுவரை ஒரு காரணமாகவே எழுதி வைக்கவில்லை. நான் தயாரித்திருக்கும் கேள்வித்தாளில் "ஏன் ரொக்கம்?" என்பதற்கு ஐந்து விடைகள் வைத்திருக்கிறேன், இது அதில் இல்லை. சேர்க்கிறேன்.

நீங்கள் 2016இல் பட்டதை அளந்தவர்கள் இருக்கிறார்கள். கீதா கோபிநாத், கேப்ரியல் சோடரோ-ரைக், பிராச்சி மிஸ்ரா, அபினவ் நாராயணன் என்ற பொருளியலாளர்கள் நாலு பேரும் சேர்ந்து 2020இல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். புது நோட்டு எல்லா மாவட்டத்துக்கும் ஒரே சமயத்தில் போய்ச் சேரவில்லை, சில மாவட்டங்கள் சீக்கிரம் வாங்கின, சில காத்துக் கிடந்தன. அந்த வித்தியாசத்தை எடுத்துக்கொண்டு, செயற்கைக்கோளில் தெரியும் இரவு வெளிச்சம், வேலைவாய்ப்பு, வங்கிக் கடன் எல்லாவற்றோடும் பொருத்திப் பார்த்தார்கள். அந்தக் காலாண்டில் பொருளாதார நடவடிக்கையின் வளர்ச்சி குறைந்தபட்சம் 2 சதவீதப் புள்ளி குறைந்தது என்பது அவர்கள் முடிவு. அடுத்த சில மாதங்களில் அந்தப் பாதிப்பு கரைந்துவிட்டது என்றும் சொல்கிறார்கள். ஊருக்குப் போன உங்கள் நாலு பையன்களைப் பொறுத்தவரை கரைந்ததா என்று அந்த வெளிச்சத்தில் தெரியாது.

இன்னொரு ஆய்வு குருசே, குப்தா, மெசனாட்டி என்ற மூவருடையது. கரன்சி செஸ்ட், அதாவது ரிசர்வ் வங்கியின் நோட்டைச் சேமித்து மற்றக் கிளைகளுக்குக் கொடுக்கும் பெட்டகம், வைத்திருக்கிற வங்கிகள் குறைவாக இருந்த மாவட்டங்களில் நோட்டுத் தட்டுப்பாடு கடுமையாக இருந்தது, அங்கேதான் மொபைல் வாலெட் அதிகமாகப் பரவியது. நோட்டு திரும்பி வந்த பிறகும் அந்தப் பழக்கம் போகவில்லை. பக்கத்துக் கடைக்காரர் வாங்க ஆரம்பித்தால் வாடிக்கையாளர் பழகுவார், வாடிக்கையாளர் பழகினால் எதிர்க்கடைக்காரரும் வாங்குவார். அவர்கள் சொல்லும் காரணம் அதுதான். ஆக ரொக்கத் தட்டுப்பாடு தொழிலையும் அடித்தது, டிஜிட்டல் பழக்கத்தையும் கொண்டுவந்தது. இரண்டையும் சேர்த்தே சொல்ல வேண்டும், ஒன்றை மட்டும் எடுத்துப் பேசுவது நேர்மை இல்லை.

#7 பழைய_கேஷியர்

செஸ்ட் பற்றி நிலா எழுதியது நூற்றுக்கு நூறு உண்மை. எங்கள் கிளையில் செஸ்ட் இல்லை. 18 கிலோமீட்டர் தள்ளி வேறொரு வங்கியின் செஸ்ட் கிளையிலிருந்து வாங்கி வர வேண்டும். காலை ஏழு மணிக்கே ஜீப்பும் துப்பாக்கிக் காவலரும் போய் வாசலில் நிற்பார்கள். அவர்கள் கிளைகளுக்குக் கொடுத்தது போக மிச்சம்தான் எங்களுக்கு. ஒரு நாள் 2000 ரூபாய்த் தாளாக மட்டும் 10 லட்சம் வந்தது. ஒரு ஆளுக்கு ஒரு தாள், அவ்வளவுதான். அதை வாங்கிக்கொண்டு போனவருக்குச் சில்லறை யார் கொடுப்பார்கள்? மறுநாள் அதே தாளோடு திரும்பி வந்தவர்கள் உண்டு.

#8 நேர்ப்பேச்சு

99.3 சதவீதம் எனக்கும் தெரியும் சார், ஆனால் அது திரும்பி வந்துவிட்டதாலேயே எல்லாம் வெள்ளை என்று ஆகிவிடாது என்பதை நீங்களே ஒத்துக்கொண்டீர்கள், அதற்கு நன்றி. திருப்பூர் அண்ணா சொன்ன தவணை விஷயம் நான் நினைத்துப் பார்க்காதது.

ஆனால் வரிக்குப் பயந்து ரொக்கம் என்பதை இழையிலிருந்து தூக்கிவிட வேண்டாம். 2025 ஜூலையில் பெங்களூரில் என்ன ஆயிற்று? கர்நாடக வணிகவரித் துறை யுபிஐ வரவை வைத்துச் சின்னக் கடைக்காரர்களுக்கு ஜிஎஸ்டி நோட்டீஸ் அனுப்பியது. ஒரே வாரத்தில் பேக்கரி, காய்கறி, டீக்கடை என்று எத்தனையோ இடத்தில் ஸ்கேனரைக் கிழித்துவிட்டு "யுபிஐ இல்லை, ரொக்கம் மட்டும்" என்று எழுதி ஒட்டினார்கள். காய்கறி, பால் மாதிரி வரியே இல்லாத பொருள் விற்றவருக்கும் நோட்டீஸ் போனது, அது துறையின் தவறு. ஆனால் ஜிஎஸ்டி பதிவுக்கான விற்பனை வரம்பைத் தாண்டியவர்களும் அதில் இருந்தார்கள் என்பதும் உண்மை. மனசு மாறினால் ஒரு பலகையைத் திருப்பி மாட்டுகிற வேகத்தில் ரொக்கத்துக்குத் திரும்ப முடிகிறது என்பதை நிலா அக்கா கணக்கில் எடுக்க வேண்டும்.

#9 ஒசாகா_தமிழன்

வேறொரு கோணம். ஜப்பானில் 11 வருடமாக இருக்கிறேன். இங்கே வெளியில் இருக்கும் நோட்டு உள்நாட்டு உற்பத்தியில் 20 சதவீதத்துக்குப் பக்கத்தில், இந்தியாவைப் போல ஏறக்குறைய இரண்டு பங்கு. வரி ஏய்ப்பு, வங்கிக் கிளை இல்லாமை என்ற காரணம் இங்கே ஓடாது, தெருவுக்குத் தெரு ஏடிஎம் இருக்கிறது.

மக்கள்தொகையில் 29 சதவீதம் 65 வயதுக்கு மேல். எங்கள் தொழிற்சாலையிலேயே என் லைனில் மூன்று பேர் 60 தாண்டியவர்கள், ஓய்வு வயதில் திரும்ப ஒப்பந்தம் போட்டு வேலை பார்க்கிறார்கள். 65 வரை வேலை கேட்டால் கொடுத்தாக வேண்டும் என்பது முன்பே இருந்த சட்டம், 70 வரை கொடுக்க முயற்சி செய்ய வேண்டும் என்ற திருத்தம் 2021இல் நடைமுறைக்கு வந்தது. ஓய்வூதியம் இரட்டைப்படை மாதம் 15ஆம் தேதி வரும். அன்றைக்கு ஏடிஎம் வாசலில் பெரியவர்கள் வரிசை நிற்கும், இரண்டு மாதச் செலவுக்கு ஒரே தடவையாக எடுத்துக்கொண்டு போவார்கள். நிலா சொன்ன பெரிய குடம் அதுதான் என்று நினைக்கிறேன்.

அதற்கு மேலும் ஒன்று உண்டு, "தான்சு யோகின்" என்பார்கள், அலமாரி டெபாசிட் என்று பொருள். 1999இலிருந்து 2024 வரை பெரும்பாலான வருடங்களில் வட்டி பூஜ்யம் அல்லது அதற்குப் பக்கத்தில். வங்கியில் போட்டாலும் ஒன்றுதான், அலமாரியில் வைத்தாலும் ஒன்றுதான், திருட்டுப் பயமும் குறைவு. என் பக்கத்து வீட்டுப் பாட்டி இறந்தபோது அவர் மகள் வந்து வீட்டைக் காலி செய்தார், அரிசி டப்பாவுக்கு அடியில், கிமோனோவின் மடிப்பில், சாமி மாடத்துக்குப் பின்னால் என்று உறை உறையாக எடுத்தார். ஒவ்வொரு உறையின் மேலும் என்ன செலவுக்கு என்று எழுதியிருந்தது. ஒன்றில் தன் ஈமச் சடங்குக்கு என்று இருந்தது.

தமிழ்நாடும் வேகமாக வயதாகிக்கொண்டிருக்கிற மாநிலம். 2021 கணிப்பில் 60 வயதைத் தாண்டியவர்கள் 13.6 சதவீதம், கேரளத்துக்கு அடுத்தபடி நாம்தான். இன்னும் 20 வருடத்தில் நம் ஊர் ரொக்கக் கணக்கை வயதோடு சேர்த்துத்தான் பார்க்க வேண்டி வரும்.

#10 பேராவூரணி_மருந்துக்கடை

நான் சுருக்கமாக. எங்கள் பக்கம் மொய் விருந்துக்குப் பேர் போனது தெரியும்தானே, மொய் எழுதுகிற இடத்தில் இப்போது கம்ப்யூட்டர், பணம் எண்ணும் மெஷின், க்யூஆர் எல்லாம் வந்துவிட்டது. சின்னப் பையன்கள் ஸ்கேன் பண்ணிவிட்டுப் போகிறார்கள். பெரியவர்கள் நோட்டாகத்தான் வைப்பார்கள், தன் பெயரையும் தொகையையும் மைக்கில் படிக்கும்வரை நகர மாட்டார்கள்.

கடையில் 70 வயதைத் தாண்டியவர் போனை எடுத்து ஸ்கேன் பண்ணி நான் ஒருநாளும் பார்த்ததில்லை, பேரன் கூட வந்தால்தான். பட்டன் போனிலேயே பணம் அனுப்ப 2022இல் ஒரு சேவை வந்தது, மகன் கணக்கிலிருந்து அம்மா வரம்புக்குள் செலவு பண்ணுகிற வசதி 2024இல் வந்தது. இரண்டையும் என் வாடிக்கையாளர்களுக்குச் சொல்லிப் பார்த்தேன். "தப்பா அமுக்கிட்டா?" என்ற ஒரு கேள்வியில் முடிந்துவிடுகிறது.

#11 பவானிக்கரை

எல்லாருக்கும் நன்றி. ஒசாகா நண்பர் எழுதியதைப் படித்ததும் அம்மா ஞாபகம் வந்தது. அம்மாவுக்கு 74 வயது. மூன்று வருடம் முன்னால் வரை ஊருக்கு வருகிற வங்கி ஆளிடம் கைரேகை வைத்து முதியோர் பணம் எடுத்துக்கொண்டிருந்தார். விறகும் கல்லும் தூக்கிய கை, ரேகை தேய்ந்துபோய்விட்டது. ஒரு மாதம் நாலு தடவை வைத்தும் மெஷின் ஏற்கவில்லை, அந்த ஆள் "போய்ட்டு அடுத்த வாரம் வாங்க பாட்டி" என்று சொல்லியிருக்கிறார், மூன்று வாரம் அப்படியே ஓடியது. அதிலிருந்து என்றைக்குப் பணம் கிடைத்தாலும் முழுசாக எடுத்துவிடுகிறார், பாதிக்கு மேல் செலவு பண்ணுவதில்லை. நான் திட்டியிருக்கிறேன். இப்போது யோசித்தால் திட்டியிருக்கக் கூடாது என்று தோன்றுகிறது.

#12 பொருளியல்_நிலா

பவானிக்கரை அண்ணா, ஒரு உதவி கேட்கலாமா? ஜெர்மனி, அமெரிக்கா மாதிரி நாடுகளில் மத்திய வங்கிகள் செலவுக் குறிப்பேடு கொடுத்து ஆய்வு செய்கின்றன. சில நாட்களுக்கு எதற்கு எவ்வளவு, ரொக்கமா கார்டா என்று மக்கள் தாங்களே எழுதுவார்கள். நம்மிடம் யுபிஐ எண்ணிக்கை நொடிக்கு நொடி இருக்கிறது, நோட்டு எங்கே போகிறது என்பதற்கு அந்த மாதிரி எதுவும் இல்லாததால், ஏடிஎம்மில் எடுத்ததைக் கூட்டிக் கழித்து ஊகிக்கிறோம். அப்படி ஊகித்த ஒரு கணிப்பு, நுகர்வோர் செலவில் ரொக்கத்தின் பங்கு 2021 தொடக்கத்தில் 80 சதவீதத்துக்கு மேல் இருந்து 2024 தொடக்கத்தில் 52 முதல் 60 சதவீதத்துக்குள் இறங்கியது என்கிறது. செலவில் குறைகிறது, வீட்டில் கிடப்பது தெரியவில்லை.

அம்மா சம்மதித்தால் மட்டும், ஒரு வாரம் அவர் செலவை எழுதிப் பாருங்கள். ஆய்வுக்கு எடுக்க மாட்டேன், கேள்வித்தாளைத் திருத்துவதற்காக.

#13 பவானிக்கரை

எழுதினோம் நிலா. ஒரு வாரம் கழித்து வருகிறேன், மன்னிக்கவும்.

அம்மாவின் ஏழு நாள்: பூ 20, 20, 30 (வெள்ளிக்கிழமை). வெற்றிலை பாக்கு தினம் 15. கோயில் உண்டியல் 11. பேரனுக்குத் தின்பண்டம் 40. பிரஷர் மாத்திரை 186. சந்தையில் கீரை, தக்காளி 95. பஸ்ஸுக்குச் செலவு இல்லை, பெண்களுக்கு இலவசம். அக்கம்பக்கத்தில் ஒருத்தருக்குக் கைமாத்து 500, அதை எழுத வேண்டாம் என்றார், அப்புறம் சரி என்றார். எல்லாம் சுருக்குப்பையிலிருந்து, எல்லாம் ரொக்கம்.

கடைசி நாள் நானாகக் கேட்காமலே உள்ளே போய் ஒரு எவர்சில்வர் சம்படத்தை எடுத்து வந்து மடியில் வைத்துக்கொண்டார். "பையில இருக்கிறது செலவுக்கு. இது செலவுக்கு இல்ல, இதையும் அந்தப் பொண்ணுகிட்ட சொல்லு" என்றார். மஞ்சள் துணியில் சுற்றிய 500 ரூபாய் நோட்டு 46. அதாவது 23,000. முதல் பதிவில் நான் வகுத்துப் பார்த்த ஆளுக்கு 25,000 ஞாபகம் வந்து, கொஞ்ச நேரம் பேச்சு வரவில்லை.

அடியில் தனியாக மூன்று 2000 ரூபாய் நோட்டு. அது வாபஸ் ஆனது அம்மாவுக்குத் தெரியவே தெரியாது. நான் சொன்னதும் பயந்துவிட்டார். கேஷியர் சார், அது போனது போனதுதானா?

#14 பழைய_கேஷியர்

போகவில்லை, அம்மாவிடம் முதலில் அதைச் சொல்லுங்கள். 2023 மே 19இல் திரும்பப் பெறுவதாக அறிவித்தார்கள், ஆனால் சட்டப்படி இன்னும் செல்லும் நோட்டுதான். 3.56 லட்சம் கோடி வெளியில் இருந்ததில் 98 சதவீதத்துக்கு மேல் வந்துவிட்டது, 2025இலும் 6,000 கோடி அளவுக்கு வராமல் கிடந்தது. உங்கள் அம்மா மாதிரி நிறைய பேர் இருப்பார்கள் என்றுதான் நினைக்கிறேன்.

சாதாரண வங்கிக் கிளையில் இப்போது வாங்க மாட்டார்கள். ரிசர்வ் வங்கியின் 19 வெளியீட்டு அலுவலகங்களில்தான் முடியும், நமக்குச் சென்னை. நேரில் போக வேண்டியதில்லை. தபால் அலுவலகத்தில் போய்க் கேளுங்கள், விண்ணப்பம், அடையாள அட்டை நகல், அம்மாவின் கணக்கு விவரம் வைத்துக் காப்பீட்டுத் தபாலில் அனுப்பினால் கணக்கில் வரவு வைப்பார்கள். நோட்டு எண் மூன்றையும் எழுதி வைத்துக்கொள்ளுங்கள், ரசீதை அம்மா கையிலேயே கொடுத்துவிடுங்கள்.

கணக்கில் ஏறியதும் ஒருநாள் கூட்டிப்போய் அந்த 6,000த்தை எடுத்து, 12 ஐநூறாக அந்தச் சம்படத்தில் திரும்ப வைக்கச் சொல்லுங்கள். பாக்கி 46ஐயும் ஒருமுறை வெளியே எடுத்துப் பார்க்கட்டும், ஈரம் பட்டிருந்தால் தாள் ஒட்டிக்கொள்ளும், நானே பார்த்திருக்கிறேன்.